இரண்டாவது ஆள் இறங்குவதற்கு முன்

ஈரோடு, நாமக்கல் பக்கத்துத் தோட்டத்துக் கிணறுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 60 அடி, 80 அடி, சில கிணறுகள் 100 அடியையும் தாண்டும். மேலே கொஞ்ச தூரத்துக்குக் கல்கட்டு இருக்கும், அதற்குக் கீழே வெறும் பாறை. சுற்றுச்சுவர் இருந்தால் அதிர்ஷ்டம். அந்தப் பக்கத்துத் தீயணைப்பு நிலையங்களில்தான் என் காலம் கழிந்தது. 1986-ல் தீயணைப்பாளராகச் சேர்ந்தேன், நிலைய அலுவலராக ஓய்வு பெற்றேன். நெருப்புக்குப் போனதைவிடக் கிணற்றுக்குப் போனதுதான் அதிகம் என்பாள் என் மனைவி. நான் கணக்கு வைத்ததில்லை. பாம்பு பிடிக்கப் போனதை விட்டுவிட்டால் அவள் சொல்வது சரியாகத்தான் இருக்கும்.

கிணற்றில் முதலில் விழுந்தவரை எங்களால் காப்பாற்ற முடியாமல் போனது உண்டு. அது வேறு. அவரைத் தூக்கப் போய்ச் செத்தவர்கள்தான் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறார்கள். என் வேலையின் நாலாவது வருடம் ஒரு அழைப்பு வந்தது. பம்புக் குழாயின் அடிமுனையில் இருக்கும் ஃபுட் வால்வில் அடைப்பு எடுக்க ஒருவர் இறங்கினார். கிணற்றுக்குள்ளேயே மேடை கட்டி ஆயில் எஞ்சின் வைத்திருந்த காலம் அது, காலையெல்லாம் எஞ்சின் ஓடியிருக்கிறது. இறங்கியவர் சத்தமில்லாமல் சரிந்தார். தம்பி இறங்கினார், பாதிப் படியில் கை விட்டுப்போய் விழுந்தார். மூன்றாவதாகப் பக்கத்துத் தோட்டத்துக்காரர். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நாலாவது ஆள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் படியில் நின்றார். எங்கள் ஓட்டுநர் வண்டியை நிறுத்தாமலே கத்திய கத்தலில்தான் அவர் நின்றார்.

ஆகவே இந்தக் குறிப்பில் முதல் வேலை, யாரையும் இறங்க விடாமல் தடுப்பது. கையைப் பிடித்து இழுங்கள், திட்டுங்கள், தேவையானால் கட்டிப் போடுங்கள். சொந்தக்காரர்கள் அப்போது சொன்ன பேச்சு கேட்க மாட்டார்கள்.

கிணற்றுக்குள் காற்று கெட்டிருந்தால் மூச்சு முட்டும், உடனே ஏறிவிடலாம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பல சமயம் முட்டவே முட்டாது. நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். அது 16-க்கு வந்தால் யோசனை தடுமாறும். 10-க்குக் கீழே போனால் நினைவு தப்பும். இடையில் வலியோ இருமலோ ஒன்றும் இருக்காது, கால் தளரும், பிடி நழுவும், அவ்வளவுதான். எஞ்சின் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. கிணறு தோண்ட வேட்டு வைத்தாலும் அதே விஷக்காற்று அடியில் தங்கும். சாக்கடைக் குழியில் ஹைட்ரஜன் சல்பைடு, அழுகிய முட்டை நாற்றம். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் அந்த நாற்றமும் தெரியாது. “இப்பதான் நாத்தம் போச்சு, எறங்கலாம்” என்று ஒருவர் சொன்னால் அங்கேதான் ஆபத்து இருக்கிறது.

விளக்கை இறக்கிப் பார்க்கும் பழக்கம் ஊரில் இன்னும் இருக்கிறது. பெரியவர்கள் சொல்லிக்கொடுத்தது, பாதி உண்மை. ஆக்சிஜன் 16 சதவீதம் வாக்கில் குறைந்தால் தீபம் அணையும். அணைந்தால் இறங்கக்கூடாது, இதில் சந்தேகமில்லை. அணையாவிட்டால்? மோனாக்சைடு இருந்தாலும் விளக்கு எரியும், ஆள்தான் செத்துப்போவார். மீத்தேன் இருந்தால் விளக்கே வெடிக்க வைத்துவிடும். இங்கிலாந்து நிலக்கரிச் சுரங்கங்களில் இதற்காகத்தான் 1815-ல் டேவி என்ற விஞ்ஞானி கம்பிவலை போட்ட விளக்கைச் செய்தார். மோனாக்சைடுக்கு அதுவும் போதாமல் பின்னால் கூண்டில் கேனரிக் குருவியைக் கொண்டு போனார்கள், அந்த வழக்கம் 1986 வரை இருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த அதே வருடம்தான் அங்கே குருவிகளுக்கு ஓய்வு கொடுத்திருக்கிறார்கள். இப்போது மீட்பு வேலைக்கு உள்ளங்கை அளவு வாயு அளவி இருக்கிறது. கயிற்றில் கட்டி மேலே, நடுவே, அடியில் என்று மூன்று இடத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும். ஆக்சிஜன் 19.5-க்குக் கீழே போனாலே கத்த ஆரம்பிக்கும்.

சரி, ஆள் விழுந்துவிட்டார். என்ன செய்வது?

101-க்கோ 112-க்கோ அடியுங்கள். “சீக்கிரம் வாங்க” என்று மட்டும் சொல்லி வைத்துவிடுகிறவர்களே அதிகம். வாட்ச் ரூமில் இருப்பவருக்கு வேண்டியது வேறு. எந்த ஊர், எந்தக் கோயிலுக்கு அல்லது பால் சொசைட்டிக்குப் பக்கம், கிணறு எத்தனை அடி, தண்ணீர் எத்தனை அடி, எத்தனை பேர் உள்ளே, குரல் கொடுக்கிறார்களா, லாரி போகிற அளவுக்குத் தடம் இருக்கிறதா. தண்ணீர் வண்டியில் 4,500 லிட்டர் இருக்கும், வரப்பில் ஏறினால் சாய்ந்துவிடும். தடம் குறுகல் என்று முன்பே சொன்னால் சாமான்களைச் சின்ன வண்டியில் மாற்றிக்கொண்டு வருவோம். அப்புறம், மெயின் ரோட்டில் தடம் பிரியும் இடத்தில் ஒரு பையனை நிறுத்துங்கள். இரவானால் கையில் டார்ச் கொடுங்கள். தென்னந்தோப்புக்குள் வழி தெரியாமல் நாங்கள் சுற்றிய நேரத்தில் போன உயிர் உண்டு.

போன் பேசும்போதே இன்னொருவர் மோட்டார் ரூமுக்கு ஓட வேண்டும். ஸ்டார்ட்டரை நிறுத்தினால் மட்டும் போதாது, ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். கிணற்றுக்குள் தொங்கும் கேபிளில் எங்கே தோல் உரிந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மும்முனை மின்சாரம் போய் நடுவில் திரும்ப வரும் ஊரில், ஆட்டோ ஸ்டார்ட்டர் தானாக மோட்டாரை ஓட விட்டுவிடும்.

கூட்டத்தை விளிம்பிலிருந்து 10 அடி தள்ளி நிறுத்துங்கள். மண் சரியும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, எட்டிப் பார்க்கிறவர் காலில் தட்டி விழும் எலுமிச்சை அளவு கல் 60 அடி கீழே தலையில் விழுந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

விழுந்தவர் நீந்திக்கொண்டோ பைப்பைப் பிடித்துக்கொண்டோ இருந்தால் மேலிருந்தே நிறையச் செய்யலாம். மூடி இறுகிய காலி 20 லிட்டர் தண்ணீர் கேன், டிராக்டர் டியூப், இரண்டு காலி பிளாஸ்டிக் குடத்தை வாய் கட்டியது, எது கையில் கிடைக்கிறதோ அதைக் கயிற்றில் கட்டி மெதுவாக இறக்குங்கள். வீசாதீர்கள். அவர் அதை அணைத்துக்கொண்டு மிதந்தால் போதும், தூக்கப் பார்க்காதீர்கள். பயத்தில் கத்திக்கொண்டிருப்பவரிடம் ஒருவர் மட்டும் பேசுங்கள், அதுவும் பெயர் சொல்லி. பத்துப் பேர் பத்து யோசனை சொன்னால் அவர் இருப்பதையும் கைவிடுவார்.

கயிற்றின் முனையில் ஒரு வளையம் போட்டு இறக்கினால் தலை வழியாக மாட்டி, அக்குளுக்குக் கீழே நிறுத்திக்கொள்வார். அந்த வளையம் இறுகிக்கொண்டே போகும் சுருக்காக இருக்கக்கூடாது. நெஞ்சு நெரிந்து மூச்சு நிற்கும். எங்களுக்குப் பயிற்சியில் முதல் வாரமே சொல்லித்தருவது பவுலைன் முடிச்சு. எனக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியார் இப்படித்தான் சொன்னார்: “கயித்துல சின்னதா ஒரு புத்து போடு. பாம்பு புத்துக்குள்ள இருந்து மேல வருது. பின்னால இருக்கிற பனமரத்தைச் சுத்துது. பயந்து மறுபடி அதே புத்துக்குள்ள போவுது. இப்ப பாம்பையும் மரத்தையும் புடிச்சி இழு.” நீளமான பக்கம்தான் பனைமரம், கயிற்றின் நுனிதான் பாம்பு. புற்றுக்குக் கீழே தொங்குகிற பெரிய வளையத்துக்குள்தான் ஆள். நுனி ஒரு சாண் மிச்சம் இருக்க வேண்டும், அதையும் ஒரு சாதா முடிச்சால் பூட்டிவிடுங்கள். இரண்டு நாள் கட்டில் காலில் கட்டிப் பழகினால் இருட்டிலும் வரும். எவ்வளவு பாரம் விழுந்தாலும் இது இறுகாது, வேலை முடிந்ததும் விரலால் நெட்டினால் அவிழும்.

இனி எங்கள் வண்டியில் என்ன வருகிறது என்று சொல்கிறேன். இதற்கும் ஒரு பழங்கதை இருக்கிறது. சென்னையில் தீயணைப்புப் படை 1908-ல் தொடங்கியது. பேருக்கேற்ற வேலைதான் வெகு காலம், நெருப்பும் தண்ணீரும். தமிழ்நாட்டுக்கென்று தீயணைப்புச் சட்டம் 1985-ல் வந்தது. ‘மீட்பு’ என்ற சொல் துறையின் பெயரில் ஏறுவதற்கு முன்பே நாங்கள் மீட்பு வேலை பார்த்துக்கொண்டுதான் இருந்தோம், சாமான் மட்டும் இல்லை. நான் சேர்ந்தபோது லாக்கரைத் திறந்தால் மணிலாக் கயிறு ஒரு சுருள், கடப்பாரை, கோடாரி, ஏணி, அப்புறம் ஒரு பாதாளக் கரண்டி. நம் வீடுகளில் கிணற்றில் விழுந்த குடம் எடுக்க வைத்திருப்போமே, கொத்துக் கொக்கி, அதே சாமான் கொஞ்சம் பெரிதாக. முங்கிப் போனவர் சட்டையில் மாட்டி மேலே கொண்டுவர அதுதான் கருவி. சொல்ல நன்றாக இல்லை, ஆனால் உண்மை.

நியூயார்க் தீயணைப்புத் துறை 1915-லேயே மீட்புக்கென்று ஒரு தனிக் குழுவை அமைத்துவிட்டது. புகைக்குள் தீயணைப்பாளர்களே மயங்கி விழுந்ததுதான் காரணம், முகமூடியோடு உள்ளே போய் அவர்களை இழுத்து வர ஆள் வேண்டியிருந்தது. அதாவது அங்கேயும் பிரச்சினை இரண்டாவது ஆள்தான்.

எங்களுக்கு அந்த முகமூடி பி.ஏ. செட், அதாவது மூச்சுக் கருவி. முதுகில் சிலிண்டர், முகத்தில் மாஸ்க். ஆக்சிஜன் சிலிண்டர் என்று மக்கள் சொல்வார்கள், உள்ளே இருப்பது சாதாரணக் காற்றுதான், அழுத்தி அடைத்தது. 6 லிட்டர் சிலிண்டரில் 300 பார் அழுத்தம் என்றால் 1,800 லிட்டர் காற்று. வேலை செய்கிற ஆள் நிமிடத்துக்கு 40 லிட்டர் இழுப்பார், ஆக 45 நிமிடம் என்று புத்தகக் கணக்கு. கிணற்றில் அந்தக் கணக்கு நடக்காது. முதுகில் பாரத்தோடு கயிற்றில் தொங்கி, ஒரு ஆளைக் கட்டித் தூக்கும்போது 60 லிட்டர்கூட இழுக்கும், அரை மணியில் முடிந்துவிடும். 55 பார் வாக்கில் விசில் ஊத ஆரம்பிக்கும். அப்போது மிச்சம் 330 லிட்டர், ஐந்தாறு நிமிடம். விசில் கேட்டபின் ஏற ஆரம்பிக்கலாம் என்று நினைக்கிற பையனை நான் இறக்க மாட்டேன். இறங்கச் செலவான காற்றைப் போல இரண்டு மடங்கு ஏறுவதற்கு வேண்டும் என்பது என் கணக்கு, மேலே நிற்பவர் கையில் கடிகாரத்தோடு நிற்க வேண்டும்.

மாஸ்க்கைப் போட்டதும் உள்ளங்கையால் குழாயை அடைத்து மூச்சை இழுத்துப் பார்க்க வேண்டும். ரப்பர் முகத்தோடு ஒட்டி உள்வாங்கினால் சரி. எங்கேயாவது சர்ரென்று காற்று நுழைந்தால் அந்த ஆள் மேலேயே நிற்பார். நாலு நாள் தாடி போதும் இடைவெளி விட. மலைக்கு மாலை போட்டிருக்கிற பையன்களை அந்த மாதங்களில் நான் கயிறு பிடிக்கத்தான் வைப்பேன். சாமிக்குத் தெரியும், கோவித்துக்கொள்ள மாட்டார்.

முக்காலி இப்போது பல இடங்களில் வந்துவிட்டது. கிணற்று வாயில் மூன்று கால் விரித்து நிறுத்தி, உச்சியில் கப்பி, பக்கத்தில் வின்ச். வாய் அகலமான கிணற்றுக்கு அது எட்டாது, அங்கே பழையபடி மரத்திலோ வண்டியிலோ கயிற்றைக் கட்டி விளிம்பு வழியாகத்தான் இறக்க வேண்டும். இந்த இடத்தில் நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கிணற்றில் அவசரத்தில் விளிம்புக் கல்லுக்குச் சாக்கு போடாமல் கயிற்றை விட்டுவிட்டேன். கீழே போன பையன் ஏறி வந்தபின் பார்த்தால், மூன்று புரியில் ஒரு புரி முக்கால் வாசி அறுந்திருந்தது. அவனிடம் அன்றைக்குச் சொல்லவில்லை. அவன் கல்யாணத்தில்தான் சொன்னேன். பழைய கான்வாஸ் ஹோஸை ஒரு முழம் வெட்டி, நீளவாக்கில் பிளந்து கயிற்றுக்கு அடியில் போட்டால் போதும். தோட்டத்தில் என்றால் மடித்த சாக்கு, பழைய சைக்கிள் டயர் எதுவும் ஆகும்.

அதே கான்வாஸ் ஹோஸ்தான், நீளமாக, மாட்டுக்கும். மாடு விழுந்ததாக அழைப்பு வந்தால் ஊரே முன்பே கயிற்றோடு நிற்கும், அந்தக் கயிறு மாட்டின் கழுத்தில் இருக்கும். முதலில் அதை அவிழ்க்க வேண்டும். கழுத்தில் கட்டி இழுத்தால் மேலே வரும்போது மாடு உயிரோடு இருக்காது. மாடு நன்றாக நீந்தும், பதற வேண்டியதில்லை. எங்கள் ஆள் ஒருவர் இறங்கி, அகலமான ஹோஸை முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி ஒன்று, பின்னங்காலுக்கு முன்னால் வயிற்றைச் சுற்றி ஒன்று என்று கொடுத்து, இரண்டையும் முதுகுக்கு மேலே ஒரே கொக்கியில் சேர்ப்பார். கயிறு வெட்டும், ஹோஸ் பட்டையாக இருப்பதால் வெட்டாது. கொம்பில் ஒரு மெல்லிய கயிறு, தூக்க அல்ல, சுழலாமல் பிடிக்க. கண்ணை ஈரச் சாக்கால் மூடினால் பாதித் திமிறல் நின்றுவிடும். 300, 400 கிலோ எடையை ஆள் வைத்து இழுக்காதீர்கள், கிரேனோ ஜே.சி.பி.யோ வரட்டும். தரையில் இறக்கியதும் எல்லோரும் விலகிவிட வேண்டும். என் விலா எலும்பு ஒன்று உடைந்தது கிணற்றுக்குள் இல்லை, மேலே வந்த எருமை எழுந்த வேகத்தில்.

சாலை விபத்துக்கு வருகிற ஹைட்ராலிக் கட்டரைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. கார்ப் பந்தயத்தில் நசுங்கிய வண்டியிலிருந்து ஓட்டுநரை எடுக்க 1960-களில் அமெரிக்காவில் ஒருவர் செய்தது அது. கிணற்றில் அதற்கு வேலை அநேகமாக இல்லை, விட்டுவிடுகிறேன்.

மேலே கொண்டுவந்த ஆளுக்கு மூச்சு இல்லை என்றால், தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை மிதித்துத் தண்ணீர் எடுப்பது இரண்டையும் விட்டுவிடுங்கள். நிமிடங்கள்தான் வீணாகும், வயிற்றில் இருப்பது மேலே வந்து மூச்சுக் குழாயை அடைக்கும். மல்லாக்கப் படுக்கவைத்து, தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கை அழுத்திப் பிடித்து, வாயோடு வாய் வைத்து நெஞ்சு எழும்புகிற அளவுக்கு ஊதுங்கள். பிறகு நெஞ்சின் நடுவே இரண்டு கையையும் வைத்து வேகமாக 30 அழுத்து, மறுபடி 2 ஊது. 108 வரும்வரை ஆள் மாற்றி ஆள் செய்யுங்கள். விஷக்காற்றில் விழுந்தவராக இருந்தால் எழுந்து பேசினாலும் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

ஆழ்துளைக் கிணறு தனிக் கதை. அரையடிக் குழாய்க்குள் எங்கள் ஆள் யாரும் இறங்க முடியாது. 2019 அக்டோபரில் மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை 26 அடியில் மாட்டியிருந்து, 88 அடிக்கு நழுவிப் போனது. பக்கத்திலேயே பாறையைக் குடைந்தார்கள், 80 மணி நேரத்துக்கு மேல் போராடியும் உயிரோடு எடுக்க முடியவில்லை. இதில் செய்முறை எல்லாம் விழுவதற்கு முன்புதான். உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லிவிட்டது: தோண்டுமுன் 15 நாளுக்கு முன்னால் எழுத்தில் தகவல், சுற்றி வேலி, குழாய் வாய்க்குப் பற்றவைத்த அல்லது போல்ட் போட்ட இரும்பு மூடி, கைவிட்டால் அடியிலிருந்து தரைமட்டம் வரை மண், கல் போட்டு நிரப்புவது. சாக்கையும் கல்லையும் வைத்து மூடியிருந்தால் இன்றைக்கே வெல்டரைக் கூப்பிடுங்கள்.

இதையெல்லாம் கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் ஏப்ரல் 14 முதல் 20 வரை உங்கள் ஊர் நிலையத்துக்குப் போங்கள். 1944 ஏப்ரல் 14-ல் பம்பாய்த் துறைமுகத்தில் ‘ஃபோர்ட் ஸ்டிகின்’ என்ற கப்பல் வெடித்தது. பஞ்சுப் பொதியும் வெடிமருந்தும் ஒரே கப்பலில் இருந்திருக்கிறது. அணைக்கப் போன தீயணைப்பாளர்கள் அங்கேயே மாண்டார்கள், அவர்கள் நினைவாகத்தான் அந்த வாரம். காலையில் அஞ்சலி, பிறகு பள்ளிக்கூடம், மார்க்கெட் என்று செய்து காட்டுவார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள், பி.ஏ. செட்டைத் தூக்கிப் பார்க்கக் கேளுங்கள், தருவார்கள். வரும்போது நிலையத்தின் நேரடித் தொலைபேசி எண்ணை வாங்கி வந்து மோட்டார் ரூம் சுவரில் பெயின்டால் எழுதிவிடுங்கள். சாக்பீஸ் மழைக்குப் போய்விடும்.

அதே மோட்டார் ரூமில் 100 அடிக் கயிறு ஒன்று, வேறு எதற்கும் தொடாமல், ஆணியில் தொங்கட்டும். பண்ணை மருந்து, டீசல் பக்கத்தில் வேண்டாம். பேட்டரி ஆசிட் ஆகவே ஆகாது, ஒரு சொட்டு பட்டாலும் நைலான் உள்ளே கருகிவிடும். நனைந்தால் நிழலில் உலர்த்துங்கள், வெயிலில் போட்டால் நார் நொறுங்கும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை புரியைத் திருகித் திறந்து உள்ளே பாருங்கள். வெளியே பளபளவென்று இருக்கும் கயிறு உள்ளே மாவாக உதிரும். அப்படி உதிர்ந்தால் மாடு கட்டக்கூட வைக்காமல் துண்டு துண்டாக வெட்டிப் போடுங்கள். முழுசாகக் கிடந்தால் யாராவது ஒருநாள் அவசரத்துக்கு எடுத்துவிடுவார்கள்.